ரெண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் கிடையாது

நாலு மணிக்கு சித்தப்பா வருகிறார், அப்பாவுக்குத் தெரியாது. இப்போது மூன்று பத்து. அப்பா காலை ஷிப்ட் முடிந்து வந்து, சோறும் சாளைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கூடத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேம் கேசட்டின் பல்லை அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பக்கம் முப்பது, பின்பக்கம் முப்பது, அறுபது பல். தங்கப் பூச்சாம். இப்போது வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருக்கிறது. மெல்லத் தேய்க்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, அவர் எழுந்துவிட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பா மூச்சு விடுகிறார். உள்ளே போகும்போது மூக்கில் மெல்லிய விசில், வெளியே வரும்போது உதட்டில் ஒரு 'புஃப்'. இதை நான் எட்டு வயதிலேயே அப்படியே என் வாய்க்கு எடுத்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து சத்தத்தைக் கேட்டு, அவிய தூங்கிட்டாவ என்று டிவியை அணைத்துவிட்டுப் போக, அப்பா பின்னாலேயே வாசலிலிருந்து உள்ளே வர, அம்மா போட்ட கூச்சல் இருக்கிறதே, அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். இன்று கல்லறைத் திருநாள். தாத்தாவின் குழியைச் சுற்றிப் புல் பிடுங்கி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி வரிசையாக வைத்துவிட்டு, அஞ்சு மணிக்கு அப்பாவும் நானும் வரும்வரை அங்கேயே ஜெபமாலையோடு இருப்பாள். அதனால் வீட்டில் நானும் அப்பாவும்தான். மூன்று பன்னிரண்டு. கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் மெல்ல நகருமோ. அது இல்லை, பார்த்தால்தான் மெல்ல நகரும். பார்க்கிறேன்.

மற்றவர்கள் குரலில் இருப்பதுதான் எனக்கு ஊரில் வேலை. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சாரை ஹெட்மாஸ்டர் குரலில் போன் போட்டு அரை மணி நேரம் கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்தேன். மீன்கார எஸ்கலினக்கா குரலில் வாசலில் 'நெத்திலீ, துடிக்கி பாரு நெத்திலீ' என்று கூவி அம்மாவைச் சட்டியோடு தெருவுக்கு இழுத்தேன். பூசை முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில் மைக் அணைக்காமல் கிடக்க, பங்குச்சாமியார் குரலில், உபதேசியார் உடனே மணிக்கூண்டு மேலே ஏறிவரவும் என்றேன், சாமியாருக்குக் கோயில் வேலைகளில் துணையாக இருக்கும் அந்த அறுபது வயது மனுஷன் எழுபத்திரண்டு படி ஏறினார், அதற்கு மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்டேன், கேட்கும்போதும் பாதி உபதேசியார் குரலில்தான் கேட்டேன், கம்பிவலைக்கு அந்தப்பக்கம் சாமியார் சிரிப்பை அடக்க இருமினார். அந்த இருமலும் என்னிடம் இருக்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள். சின்னதில் 'அன்சு, உன் குரல்ல ஒரு பாட்டுப் பாடு மக்கா' என்று மிஸ் கேட்டால் நான் முழிப்பேன். பிறகு போன வருஷம் தொண்டை உடைந்தது. ஆறு மாதம் ஒரு குரலும் நிற்கவில்லை, எஸ்கலினக்கா பாதியில் பங்குச்சாமியாராக மாறிவிடுவார். அப்புறம் ஒட்டியது. ஒட்டியபோது அப்பாவின் குரலாக ஒட்டியிருந்தது. இதை நான் எடுக்கவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் போனை நான் எடுத்து அலோ என்றால், துறைமுகத்திலிருந்து 'ரெமிஜியுஸ் அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டாம் நம்பர் கிரேன் உங்களுக்கு' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அம்மாவே ஏமாறுகிறாள். ஊரை ஏமாற்றியாயிற்று, அம்மாவை ஏமாற்றியாயிற்று, இன்னும் யார் பாக்கி என்று புதன்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்ட ஒரே ஆள் பாக்கி.

சத்தியமாகச் சொன்னால் விளையாட்டுக்குத்தான். அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்கப் புறப்பட்ட புண்ணியவான் இல்லை நான். அம்மா போனில் 'மணப்பாடு தையல்காரி' என்று ஒரு நம்பர் இருக்கிறது, அது லாசர் சித்தப்பா வீட்டு நம்பர், கிறிஸ்துமஸுக்கு அம்மாவும் சித்தியும் ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள், அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா எடுத்தார். நான் சொன்னேன், 'லாசரு, நான்தாம்லே.' நான் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். 'அண்ணேனா?' என்றார். 'ஆமா.' 'நெசமாவா?' 'ஆமாலே. கல்லறைத் திருநாளுக்கு வா. வீட்டுக்கு வா.' இவ்வளவுதான் திட்டம், இதற்கு மேல் சித்தப்பா ஏதாவது கேட்டால் எஸ்கலினக்கா குரலுக்கு மாறி நெத்திலி என்று கூவிவிட்டு வைத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் போனில் ஒரு சத்தம் வந்தது. முதலில் சிக்னல் என்று நினைத்தேன். பனியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இழுக்குமே, அந்த மாதிரி. நாற்பத்தெட்டு வயது மனுஷன் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தத்தை எடுக்கத் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சத்தத்தைக் கேட்டு எனக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், வைக்கவும் முடியாமல், எனக்கே தெரியாமல் வாயில் வந்தது: 'அழாதலே. நம்ம கேம் பெட்டிய எடுத்து வைக்கேன்.' அழுகை நின்றது. 'அதுக்கு உசுரு இருக்கா அண்ணே?' என்றார், ஒரு சின்னப் பையன் கேட்கிற மாதிரி. 'இருக்கு' என்றேன். 'ஞாயித்துக்கெழம நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்.' வைத்துவிட்டார். நான் சொன்னதில் வா என்று கூப்பிட்டது பொய், நான்தான் என்றது பொய், உயிர் இருக்கிறது என்றதும் அன்றைக்குப் பொய்தான், ஆனால் அந்த ஒன்றை மட்டும் என்னால் நிஜமாக்க முடியும். அதனால்தான் தேய்க்கிறேன். பரணிலிருந்து இறக்கி, பள்ளிக்கூட எக்ஸிபிஷனுக்கு என்று அப்பாவிடம் சொல்லி, நாலு நாளாகத் தேய்க்கிறேன். அப்பா அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். 'லீவர வேகமாத் தள்ளாத, ஒடஞ்சிரும்' என்றார், துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறது, வெள்ளை இப்போது பழைய பல்செட் நிறம். ஃபேமிகாம் என்று பெயர். போனில் இதன் சரித்திரத்தை ஒரு அண்ணன் சொல்கிறார், 'வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பாக்கப்போறது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூணு ஜூலை மாசம் ஜப்பான் நாட்டுல வெளியான ஒரு அதிசயப் பெட்டி', ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மூக்கால் ஏறுவார், அவரையும் எடுத்துவிட்டேன். இரண்டாயிரத்து மூன்றில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்களாம், நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால். கேசட்டைத் தூக்கிவிடும் லீவர் பெரிதாக வேலைக்காக வைத்தது இல்லையாம், பிள்ளைகள் தள்ளித் தள்ளி விளையாடட்டும் என்று வைத்ததாம். ஆனால் எங்கள் பெட்டியின் சரித்திரம் அந்த அண்ணனுக்குத் தெரியாது. தொம்மை தாத்தா கப்பலில் சமையல்காரர். எண்பத்தாறில் கோபே துறைமுகத்தில் ஒரு கடையில் பார்த்து, இரண்டு மகன்களுக்கும் சேர்த்து ஒன்றாக வாங்கி, அரிசிச் சாக்குக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பன்னிரண்டு, சித்தப்பாவுக்கு ஒன்பது. தெருவே கூடியிருந்தது. தாத்தா ஜப்பான் அடாப்டரை நம்மூர் பிளக்கில் சொருகினார். ஜப்பானில் நூறு வோல்ட்டாம், நமக்கு இருநூற்று முப்பது. பொட் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு புகை, தெருவே ஆவென்றது, அதுதான் கேம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்களாம். தாத்தா மறுநாளே கப்பலேறிவிட்டார், திரும்பி வர ஏழு மாதம். இந்த ஏழு மாதக் கதையைச் சித்திதான் அம்மாவிடம் சொல்லி, அம்மாதான் என்னிடம் சொன்னாள், அப்பா சொல்லியதில்லை. ஏழு மாதம் செத்த பெட்டியை வைத்து இரண்டு பேரும் விளையாடினார்களாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். முதல் ரிமோட் அப்பாவிடம், பட்டனை அமுக்குவார். சத்தமெல்லாம் சித்தப்பா. குதிக்கிற சத்தம், விழுகிற சத்தம், சாகிற சத்தம், ஜப்பான்காரன் சிரிக்கிற சத்தம். ஏன் தெரியுமா, ரெண்டாவது ரிமோட்டில் மைக் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது, நெல்மணி அளவு ஓட்டைகள், பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன சறுக்கு. செத்த மைக்கில் ஏழு மாதம் பேசினார் சித்தப்பா. என் தொழில் எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியும், அதனால்தான் நான் யாரையாவது எடுக்கும்போது பாதி சிரிப்பாள், பாதியில் அப்பா இருக்கும் பக்கம் பார்ப்பாள்.

மூன்று இருபத்தெட்டு. பல் மின்னுகிறது. அடுத்த தடவை தாத்தா ஜப்பான் டிவியே கொண்டுவந்தார், கூடவே புது அடாப்டரும் கருங்கல் மாதிரி கனக்கிற ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டியும், இருநூற்று முப்பதை நூறாக இறக்குவதற்கு. அந்த டிவியில் நம்மூர் நிகழ்ச்சி ஒன்றும் தெரியாது, கேம் மட்டும்தான் தெரியும், ஒரே வேலைக்குப் பிறந்த டிவி. இதோ மூலையில் இருக்கிறது. வந்த முதல் கேசட்டில் இரண்டு பேர் முதுகில் பலூன் கட்டிக்கொண்டு பறக்கிறார்கள், கீழே தண்ணீர், தாழ்ந்து போனால் தண்ணீரிலிருந்து மீன் பாய்ந்து ஆளை விழுங்கிவிடும். நம்ம மீனப் பிடிக்கோம், ஜப்பான்ல மீன் நம்மளப் பிடிக்கி, என்று தெருவில் இருந்த கடலாடிகள் எல்லாம் வந்து பார்த்துச் சிரித்தார்களாம். ரிமோட் வயர் குட்டை. பெட்டியிலேயே பிறந்த வயர், கழற்ற முடியாது, அதனால் இரண்டு பேரும் தோளும் தோளும் ஒட்டித்தான் உட்கார வேண்டும். இன்னொன்று. ஸ்டார்ட் பட்டன் முதல் ரிமோட்டில் மட்டும்தான். ரெண்டாவதில் அந்த இடத்தில்தான் மைக். அதாவது ரெண்டாவது ஆள் ஆட்டத்தை ஆரம்பிக்க முடியாது, பாதியில் நிறுத்தி வைக்கவும் முடியாது, மூத்திரம் முட்டினாலும் அண்ணனைத்தான் கெஞ்ச வேண்டும். கத்தலாம். கத்த மட்டும் அவனுக்கு உரிமை. அப்பா எப்போதும் முதல் ரிமோட். இதை இப்படி உருவாக்கினவன் அண்ணனாகத்தான் இருப்பான். கேசட்டை வைத்து அமுக்குகிறேன். டக். அப்பா புரள்கிறார். மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். விசில், புஃப். விசில், புஃப். சரி.

தாத்தா செத்தபோது எனக்கு அஞ்சு வயது. மழை, ஊரெங்கும் தண்ணீர், கரன்ட் இல்லை. சித்தப்பா அப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். 'அண்ணே, வந்துட்டே இருக்கேன், அப்பா மூஞ்சப் பாக்கணும், நிறுத்தி வையி' என்று போனில் கத்தினாராம், அப்பா 'வாலே, இருக்கேன்' என்றாராம். எங்கள் குடும்பத்தில் சவப்பெட்டியை மூடுமுன் முகத்தில் வெள்ளைத் துணியைக் கடைசிப் பிள்ளைதான் போட வேண்டும். அப்பா ஒன்றரை நாள் காத்திருந்தார். ரெண்டாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரே துணியைப் போட்டார், அவரே ஆணியைக் கையில் வாங்கி அறைந்தார், அடக்கம் முடிந்துவிட்டது. சித்தப்பா மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தார். பதின்மூன்று மணி நேரம். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஈர மண்ணில் கிடந்துவிட்டு, சட்டையெல்லாம் செம்மண்ணாக இந்த வாசலில் வந்து நின்றார், உள்ளே ஏறவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். அப்பா இதே கட்டிலில். சித்தப்பா சொன்னார், 'ஸ்டார்ட் பட்டன் எப்பவும் உன் கைலதான அண்ணே.' போய்விட்டார். அவ்வளவுதான். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்பா கல்லறைத் திருநாளான நவம்பர் ரெண்டாம் தேதி குழிக்குப் போவார், சித்தப்பா மூன்றாம் தேதி வந்து, அணைந்த மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் அவருடையதை வைத்துவிட்டு வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்காமல் பஸ் ஏறுவார். நான் பிறந்து முதன்முதலாக எடுத்த குரல் எது என்று கேட்டால் எல்லாரிடமும் காக்கா என்று சொல்வேன். காக்கா இல்லை. அதுதான். அந்த வாசகம்தான். அர்த்தம் தெரியாது, மெட்டு பிடித்திருந்தது, கடைசியில் அந்த 'அண்ணே' ஓட்டைக் குடத்தில் காற்று போகிற மாதிரி இறங்கும். மூன்று நாள் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்டார்ட் பட்டன் எப்பவும் உன் கைலதான அண்ணே, சோறு தின்னும்போது, குளிக்கும்போது, அப்பா முதுகில் ஏறிக்கொண்டு காதுக்குள். அப்பா அடித்தார். ஒரே ஒரு அடி, வாயில். அவர் என்னை அடித்த ஒரே அடி. அடித்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், கிரேன் ஓட்டுகிற கை, இருபது டன் பெட்டியை முட்டை மாதிரி இறக்கி வைக்கிற கை. அதற்கப்புறம் நான் ஊரையே எடுத்தேன், சித்தப்பாவை எடுக்கவில்லை.

மூன்று நாற்பது. இப்போது எழுப்பிச் சொல்ல வேண்டும். அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இல்லை, இது பங்குச்சாமியாரின் இழுவை. ஏப்பா, ஒரு விஷயம். இது அம்மா. அப்பா, லாசர் சித்தப்பா வாறாவ, நான்தான் கூப்பிட்டேன், உங்க குரல்ல. மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போது இதுவும் அப்பாவின் குரலில்தான் வருகிறது. என்னிடம் வேறு குரல் இல்லை. எல்லாருடைய குரலையும் எடுத்து எடுத்து, கடைசியில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல என்று ஒரு குரல் பாக்கி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால்? மணி அடிக்கும், அப்பா கைலியைச் சரிசெய்துகொண்டே கதவைத் திறப்பார், வாசலில் தம்பி. யாருலே உன்னய வரச்சொன்னது என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை போதும், சித்தப்பா ரெண்டாம் தடவையாக இந்த வாசலிலிருந்து திரும்புவார், அந்தப் போன் சத்தத்தைச் சாகும்வரை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் பெட்டிக்கு உயிர் இருக்கிறதா பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு எழுப்பலாம். ஸ்டெப்-டவுனைப் போடுகிறேன். ம்ம்ம் என்று அடிவயிற்றில் முனகுகிறது. டிவி. நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி, விரிகிறது, வெறும் சாம்பல். பெட்டியின் சுவிட்ச். குப்பை எழுத்துகள், கோடுகள். அணைத்து, லீவரைத் தள்ளாமல் கேசட்டைக் கையால் எடுத்து, திரும்ப வைத்து, கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன். பாட்டு வருகிறது. இரும்புக் குருவி பாடுகிற மாதிரி ஒரு பாட்டு. கண்ணைத் திறந்தால் கறுப்பு வானத்தில் நட்சத்திரம், நடுவில் ஒரு ஆள், ரெண்டு ஆள் என்று கேட்டு ஒரு சின்ன பலூன் நிற்கிறது. அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கிறேன். அப்பா, விசில், புஃப். ரெண்டாவது ரிமோட்டைப் பெட்டியின் பக்கத்திலிருந்து உருவி எடுக்கிறேன், மைக்குக்கும் உயிர் இருக்குமா, வாயருகே வைத்து மெல்ல நெத்திலீ என்கிறேன். மூலையிலிருந்து டிவி நெத்திலீ என்கிறது. உபதேசியார் உடனே வரவும். டிவிக்குள்ளிருந்து சாமியார். எனக்குச் சிரிப்பு பொங்குகிறது, எவ்வளவு பயத்திலும் பொங்குகிறதே இந்தச் சிரிப்பு, அடுத்து யார் என்று வாயைத் திறக்கும்போது, புதன்கிழமை போனில் நான் சொல்லியிருக்க வேண்டிய, சொல்லத் தைரியம் வராத வாக்கியம் வந்து முன்னால் நின்றது. இதையும் விளையாட்டாகத்தான் சொன்னேனா, தெரியவில்லை. 'லாசரு,' என்றது டிவி, அப்பாவின் குரலில், 'நான் இன்னுங் கொஞ்சம் காத்திருந்திருக்கணும்லே.' விசில் வரவில்லை. புஃப் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அப்பா கண் திறந்திருந்தது. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை இல்லை. 'யார்ட்டலே பேசுத?' 'சும்மா டெஸ்டிங்ப்பா.' 'யார்ட்ட?' 'சித்தப்பாட்ட.' சொல்லிவிட்டேன். அப்புறம் வரிசையாக வந்து விழுந்தது, புதன்கிழமை, தையல்காரி நம்பர், உங்க குரல், நாலு மணி. எந்தக் குரலில் சொன்னேன் என்று நான் கவனிக்கவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்தார். கை உயர்ந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன், பதினோரு வருஷத்துக்கு முந்தின பல்லெல்லாம் கூசியது. கை போய்த் தலைமுடியைக் கோதிக்கொண்டது. 'என்னன்னு சொன்ன?' 'வான்னு.' 'வேற?' 'கேம் பெட்டிய எடுத்து வைக்கேன்னு.' 'மன்னிப்புக் கேட்டியா?' 'இல்லப்பா.' 'நல்லவேள,' என்றார். 'அது நீ கேக்கக்கூடாது.' கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தாறு. எழுந்து போய் முகம் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார், துடைக்காமல் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், தண்ணீர் மோவாயில் சொட்டுகிறது. 'அன்னைக்கு ஐஸ் பேக்டரில கரன்ட் இல்லலே,' என்றார், டிவியிலுள்ள பலூனிடம் சொல்கிற மாதிரி. 'ஹார்பர்ல கெடந்த பார் ஐஸ் பூரா வாங்கிப் போட்டேன். மீனுக்குப் போடுத மாதிரி. ரெண்டாம் நாளு மத்தியானம் உருகிட்டு. அப்பா மூஞ்சி...' நிறுத்திவிட்டார். 'அவன் கோபேலருந்து வந்த அப்பாவத்தான பாத்திருக்கான். அது அப்படியே இருக்கட்டும்னுதான்...' பதினோரு வருஷமாக இந்த வீட்டில் இவ்வளவு இருந்திருக்கிறது, நான் மூச்சுச் சத்தத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். 'சித்தப்பாட்ட இத சொன்னீங்களாப்பா?' 'எப்படிலே சொல்ல? சொன்னா, அவன் பாக்காததப் பாத்த மாதிரி ஆயிரும்லா.' கட்டிலிலிருந்து இறங்கி, பெட்டிக்கு முன்னால் தரையில், டிவிக்கு நேராக உட்காரப் போனவர், ஒரு நிமிஷம் நின்று, வலதுபக்கம் தள்ளி உட்கார்ந்தார். என் கையைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினார். முதல் ரிமோட்டை நீட்டினேன். தலையை ஆட்டினார். மற்றதைக் கொடுத்தேன்.

நாலு ஆக ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். சித்தப்பா மெலிந்திருந்தார், கையில் ஒரு மஞ்சள் பை, அதில் மெழுகுவர்த்திப் பாக்கெட்டும் பனங்கிழங்கும். என்னைப் பார்த்து, 'அன்சாலே? தாடி மொளைக்கி' என்றார். நான் பதில் சொல்லவில்லை, பேசினால் அவர் கேட்ட போன் குரல் வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாரா, அது எனக்கு இன்றுவரை தெரியாது. செருப்பைக் கழற்றினார். வாசற்படிவரை வந்து நின்றார், அன்றைக்கு நின்ற அதே இடம். உள்ளே அப்பாவின் முதுகு தெரிந்தது, அதற்கப்பால் கறுப்பு வானம், நட்சத்திரம், சின்ன பலூன். அப்பா திரும்பவில்லை. ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே பார்த்து மெல்ல இறக்கினார். கிரேனுக்குக் கீழே நிற்கிறவன் மேலே இருப்பவனுக்குக் காட்டுகிற சைகை, மெல்ல இறக்கு. பக்கத்திலிருந்த காலி இடத்தின் மேல் அந்தக் கை இறங்கியது. சித்தப்பா படியேறினார். காலி இடத்துக்கு முன்னால் முதல் ரிமோட் கிடந்தது. அதைப் பார்த்தார், அப்பாவின் கையிலிருந்த ரெண்டாவதைப் பார்த்தார். 'அதுல ஸ்டார்ட் கெடையாதே அண்ணே,' என்றார். சித்தப்பா உட்கார்ந்தார். வயர் குட்டை, தோள் தோளில் பட்டது, இரண்டு பேரும் விலகவில்லை. டிவியில் பாட்டு முடிந்து பலூன் மட்டும் நின்றது. சித்தப்பா பலூனை நகர்த்தி ரெண்டு ஆள் என்பதில் வைத்தார். கட்டைவிரல் ஸ்டார்ட் மேல் போனது. அப்பா ரெண்டாவது ரிமோட்டைத் தூக்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனார். டிவியிலிருந்து மூச்சு வந்தது. மூச்சு மட்டும்தான், உள்ளே, வெளியே, கரையில் அலை இழுக்கிற மாதிரி. மறுபடி மூச்சு. அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஐஸ், பேக்டரி, கரன்ட், மூஞ்சி, எல்லா வார்த்தையும் என்னிடம் இருந்தது, குரலும் இருந்தது, சித்தப்பா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் சொன்னால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அப்பா திரும்பிக்கொண்டார். இன்னொரு மூச்சு. பிறகு டிவிக்குள்ளிருந்து உடைந்து உடைந்து ஒன்று வர ஆரம்பித்தது, 'அன்னைக்கு... ஐஸு...', இவ்வளவு நாள் அவரோடு இருந்தும் என்னிடம் இல்லாத ஒரு குரல். சித்தப்பாவின் கட்டைவிரல் ஸ்டார்ட் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை. காத்திருந்தார்.